ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலை தேடலாமா?

கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊரிலிருந்து 36 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்தவர். தடாவை அடுத்த ஸ்ரீசிட்டியில், ஏற்றுமதிக்கான உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரம் பார்த்து வந்தார். நிரந்தரத் தொழிலாளியாக 6 ஆண்டு 4 மாதம் ஆகிறது. சம்பளம் 19,500 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,600. ஆர்டர் குறைந்துவிட்டது என்று சொல்லி, சுமார் 180 பேர் கொண்ட அந்தத் தொழிற்சாலையில் இவரையும் இன்னும் சிலரையும் ஒவ்வொருவராக அழைத்திருக்கிறார்கள். "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் 40,000 ரூபாயும் அனுபவச் சான்றிதழும் தருவோம். இல்லாவிட்டால் டெர்மினேட் செய்வோம், வேறெங்கும் வேலை கிடைக்காது" என்று எச்.ஆர். அதிகாரி சொல்லியிருக்கிறார். இவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் இரண்டு வாரமாக கேட்டில் உள்ளே விடுவதில்லை. இவருக்குப் பின்னால் சேர்ந்த, சம்பளம் குறைந்த பையன்கள் வேலையில் இருக்கிறார்கள்.

மனைவிக்கு விஷயம் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. தினமும் காலையில் யூனிஃபார்ம் அணிந்து கிளம்பி, ஆரம்பாக்கம் ரயில் நிலையத்திலோ நண்பர் கடையிலோ உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்புகிறார். பைக் தவணையும், மனைவி பெயரில் மகளிர் குழுக் கடனும் இருக்கின்றன. மகள் ஏழாம் வகுப்பு. குவைத்தில் வேலை வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார், பி.எஃப். பணத்தை எடுத்து அதைக் கட்டலாமா என்று மைத்துனர் வற்புறுத்துகிறார். "ஆந்திராவில் உள்ளூர்க்காரர்களுக்கே வேலை என்று சட்டம் வந்துவிட்டதாமே, தமிழ்நாட்டுக்காரனான எனக்கு அங்கே உரிமை எதுவும் இல்லைதானே? இந்த வயதில், இந்த மந்தமான நேரத்தில் எப்படி வேலை தேடுவது?" இவை அவர் கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

அடுத்த வேலையை எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைய வேலையிலிருந்து எப்படி வெளியே வருகிறீர்கள் என்பதிலிருந்துதான் என் பதில் தொடங்க வேண்டும். கையில் ஐந்தாறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறவர் நல்ல இடமாகப் பார்த்துச் சேர்வார். பணம் இல்லாதவர் கிடைத்த முதல் ஒப்பந்தக்காரரிடம் கை நீட்டுவார், அல்லது ஏஜென்டிடம் ஏமாறுவார். நீங்கள் எந்த நிலையில் தேடப் போகிறீர்கள் என்பதை அந்த ராஜினாமாக் கடிதம் முடிவு செய்யும். நீங்கள் கையெழுத்துப் போடாமல் இருந்தது மிகவும் நல்லது.

அந்தக் கையெழுத்தின் விலை

ஆர்டர் இல்லை என்பதற்காக நிர்வாகம் ஒருவரை அனுப்பினால் அதற்குப் பெயர் ஆட்குறைப்பு. அதைச் செய்ய நிர்வாகத்துக்கு உரிமை உண்டு, ஆனால் விலை கொடுக்க வேண்டும். ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். வேலை செய்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. புதிய சட்டத்தில் கூடுதலாக ஒன்று உண்டு: ஆட்குறைப்புக்கு ஆளானவரின் மறுபயிற்சிக்காக 15 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகையை நிர்வாகம் தனி நிதியில் செலுத்த வேண்டும், அது 45 நாட்களுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும்.

இதோடு பணிக்கொடை (கிராஜுவிட்டி). ஐந்தாண்டு முடித்துவிட்டீர்கள், ஆகவே அது ராஜினாமா செய்தாலும் உங்களுக்கு உரியது. 40,000 ரூபாயை அவர்கள் ஏதோ கருணைத் தொகை போலக் காட்டுகிறார்கள். உங்கள் பணிக்கொடை மட்டுமே அதைவிட அதிகம். 15,600 ரூபாயை 26ஆல் வகுத்து, 15ஆலும் 6 ஆண்டுகளாலும் பெருக்கினால் 54,000 ரூபாய். ஆட்குறைப்பு இழப்பீடு ஆண்டுக்கு 7,800 வீதம் 46,800. முன்னறிவிப்புக்குப் பதிலான சம்பளம் 15,600. மூன்றும் சேர்ந்து 1,16,400 ரூபாய். மறுபயிற்சித் தொகை 7,800ஐயும் சேர்த்தால் 1,24,200. இது அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் மட்டும் வைத்துப் போட்ட குறைந்தபட்சக் கணக்கு. இதைத்தான் 40,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஒரு தொழிலாளியைக் குறுகிய அறையில் தனியாக உட்கார வைத்து இப்படிக் கேட்பது அநியாயம். வழக்கமாக நடப்பது என்பதால் அது நியாயமாகிவிடாது.

இன்னொரு இழப்பும் இருக்கிறது, அதைப் பலர் அறிவதில்லை. உங்கள் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டது என்பதால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருக்கிறீர்கள். வேலையிழந்த காப்பீட்டாளருக்குச் சராசரி ஊதியத்தில் 50 விழுக்காட்டை, 90 நாட்கள் வரை, வாழ்நாளில் ஒரு முறை தரும் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டம் அங்கே உண்டு. உங்கள் கணக்கில் அது ஏறக்குறைய 29,000 ரூபாய் வரும். தானே விரும்பி விலகியவருக்கும், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும் அது கிடையாது. காலம் குறிப்பிட்டு அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் அது. ஆகவே கிளை அலுவலகத்தில் இப்போதைய நிலையைக் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். இ.எஸ்.ஐ. சிகிச்சை வேலை போன அன்றே நின்றுவிடுவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரையும் பலன் உண்டு. அப்பாவின் மருந்துகளை அங்கே வாங்குகிறீர்கள் என்றால் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

"டெர்மினேட் செய்வோம்" என்ற மிரட்டலுக்கு வருவோம். குற்றம் சாட்டி நீக்க வேண்டுமானால் குற்றப்பத்திரிகை, விசாரணை எல்லாம் வேண்டும். நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர்டர் இல்லாததை உங்கள் குற்றமாக மாற்ற அவர்களால் முடியாது. உங்களுக்குப் பின்னால் வந்தவர்களை வைத்துக்கொண்டு உங்களை அனுப்புவதும் பலவீனமான நிலைதான்: ஒரே பிரிவில் கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது பொதுவிதி, அதை மீறினால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால் ஆட்குறைப்பில் போனவருக்கு முன்னுரிமை தர வேண்டும். ராஜினாமா எழுதிக் கொடுத்தவருக்கு இவை எதுவும் பொருந்தாது.

ஒரு இடத்தில் உங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. "அரசு அனுமதி இல்லாமல் ஆளைக் குறைக்க முடியாது என்று யூனியன் நண்பர் சொன்னார்" என்கிறீர்கள். புதிய சட்டத்தில் அந்த முன் அனுமதி 300 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்குத்தான். உங்கள் தொழிற்சாலைக்கு அது பொருந்தாது. அந்த வாதத்தை நம்பிப் போக வேண்டாம்.

ஆந்திரத் தொழிற்சாலை, தமிழ்நாட்டு முகவரி

ஆந்திரத்தில் 2019இல் உள்ளூர்க்காரர்களுக்கு 75 விழுக்காடு வேலை என்ற சட்டம் இயற்றப்பட்டது உண்மைதான். அது நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்ட சட்டம். அதே போல ஹரியானாவில் வந்த சட்டத்தை 2023இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இந்த விவாதம் எப்படி முடிந்தாலும் உங்கள் நிலை மாறாது. எத்தனை பேரை எங்கிருந்து எடுப்பது என்பதைப் பற்றிய சட்டம் அது. ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஒருவரை இழப்பீடு தராமல் அனுப்ப அது யாருக்கும் உரிமை தரவில்லை. பணிக்கொடை, ஆட்குறைப்பு இழப்பீடு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் நாடாளுமன்றச் சட்டங்கள். ஆரம்பாக்கத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். சத்தியவேடு பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசுகிறவர்கள் ஆந்திரத்துக்காரர்கள்தானே! வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்பது இங்கே பேச்சே இல்லை.

மாறுவது ஒன்றுதான்: போக வேண்டிய அலுவலகம். வேலை செய்த இடம் ஆந்திரத்தில் என்பதால், உங்கள் மனு பொன்னேரியிலோ திருவள்ளூரிலோ உள்ள தொழிலாளர் அலுவலகத்தில் செல்லாது. திருப்பதி மாவட்டத்துக்கான ஆந்திரத் தொழிலாளர் துறையிடம்தான் கொடுக்க வேண்டும். மனு ஆங்கிலத்தில் இருந்தால் போதும். தெலுங்கில் அச்சிட்ட எந்தத் தாளையும், படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தெலுங்கு சரளமாகப் பேசுகிறீர்கள், ஆனால் படிக்க வராது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

முதலில் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். "நான் வேலைக்குத் தயாராக இருக்கிறேன், இந்தத் தேதியிலிருந்து கேட்டில் அனுமதிக்கவில்லை, நான் ராஜினாமா செய்யவில்லை" என்ற மூன்று செய்திகள் போதும். கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். இந்தக் கடிதம் இல்லாவிட்டால், "அவராகவே வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்" என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைக்கும். எச்.ஆர். அனுப்பிய வாட்ஸாப் செய்திகள், நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், பி.எஃப். பாஸ்புக் எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள்.

அதன் பிறகு பேச்சுவார்த்தை. என் வெளிப்படையான ஆலோசனை: மறுபடி அதே வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று வழக்காடாதீர்கள், சட்டப்படியான தொகையைக் கேட்டுப் பெறுங்கள். வேலையில் திரும்ப அமர்த்தக் கேட்கும் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். வென்று திரும்பினாலும் ஆர்டர் இல்லாத தொழிற்சாலையில் உங்களுக்கு நிம்மதி இருக்காது. 180 பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கும் தொழிலாளர் துறையின் நோட்டீஸ் வருவதில் விருப்பம் இருக்காது. மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "ஆர்டர் குறைவால் ஆட்குறைப்பு" என்று கடிதத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள். உங்களோடு அழைக்கப்பட்ட மற்றவர்களும் சேர்ந்து போனால் பலம் அதிகம். அவர்கள் மசியாவிட்டால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு. சமரசம் ஆகாவிட்டால், அவருடைய அறிக்கை கிடைத்த 90 நாட்களுக்குள் நீங்களே நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். புதிய சட்டத்தில் சமரச நடவடிக்கைக்கு, தகராறு எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுதான் கெடு. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள் பட்டியலில் ஆலைத் தொழிலாளியைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

இதில் அபாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். புதிய நிறுவனம் பழைய இடத்துக்குத் தொலைபேசியில் விசாரிப்பது நடக்கிறது; கசப்போடு பிரிந்தால் அங்கே ஒரு மோசமான வார்த்தை விழலாம். அதனால்தான் கடிதங்களில் மரியாதை தவற வேண்டாம் என்கிறேன். அனுபவச் சான்றிதழைப் பிடித்து வைத்தாலும் உங்கள் ஆறு ஆண்டுகள் மறைந்துவிடாது. பி.எஃப். பதிவில் சேர்ந்த தேதியும் மாதாமாதச் சந்தாவும் இருக்கின்றன. விலகிய தேதியை அவர்கள் பதியாவிட்டால், கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழித்து இணையத்தில் நீங்களே பதியலாம். வேறு வேலையில் சேர்ந்துவிட்டால் பழைய பாக்கியைக் கேட்க முடியாது என்று பயப்படுகிறீர்கள். அது தவறு. நாளைக்கே வேலை கிடைத்தாலும் சேருங்கள். பணிக்கொடையும் இழப்பீடும் அதனால் போய்விடாது.

பி.எஃப். பணமும் குவைத் வேலையும்

வேலை இல்லாமல் இருந்தால் வைப்புநிதியில் (பி.எஃப்.) 75 விழுக்காடு வரை எடுக்க முடியும். சாப்பாட்டுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வேறு வழியே இல்லை என்றால், தேவையான அளவு மட்டும் எடுங்கள். ஆனால் ஓய்வூதியப் பகுதியைத் தொடாதீர்கள். பத்தாண்டுச் சேவை முடிந்தால்தான் 58 வயதில் ஓய்வூதியம். உங்களுக்கு ஆறு ஆண்டு ஆகிவிட்டது. இப்போது அதைத் துடைத்து எடுத்துவிட்டால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். புதிய இடத்தில் பி.எஃப்.புக்கான பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள், புதிதாக ஒன்று உருவாக்க விடாதீர்கள்.

ஏஜென்டுக்குக் கட்ட அந்தப் பணத்தை எடுப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். ஒன்றரை லட்சம் கேட்கிறார், ரசீது தர மாட்டேன் என்கிறார் என்றால் அவர் யார் என்று தெரிந்துவிட்டது. மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். "பத்தாம் வகுப்பு முடித்ததால் என் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி தேவையில்லை, அதனால் பிரச்சினை இல்லை" என்கிறீர்கள். நேர்மாறாக யோசியுங்கள். அந்த அனுமதி தேவைப்படுகிறவரின் ஒப்பந்தத்தை அரசு அலுவலர் ஒருமுறை பார்க்கிறார். உங்கள் ஒப்பந்தத்தை யாரும் பார்க்கப் போவதில்லை, நீங்களேதான் பார்த்தாக வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துப் போய் மியான்மரில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்த கொடுமையைத் தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் அனுபவித்துவிட்டார்கள். மைத்துனருக்கு நல்லெண்ணம் இருக்கலாம். ஆனாலும் இதில் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

கடன் விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். தவணை தவறிய பிறகு போவதைவிட, தவறுவதற்கு முன்பே வேலையிழப்பை எழுத்தில் சொல்லி அவகாசம் கேளுங்கள். குழுக் கடன் வசூலிக்கிறவர்கள் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் உங்கள் மனைவியைத் தொடர்புகொள்ளக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

அடுத்த வேலை

முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். மனபாரம் குறையும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், உங்கள் பகுதியில் ஃபிட்டர், ஆபரேட்டர் வேலைகள் விளம்பரத்தால் கிடைப்பதைவிட ஆள் சொல்லித்தான் கிடைக்கின்றன. உங்களுக்கு வேலை இல்லை என்று யாருக்கும் தெரியாவிட்டால் உங்கள் பெயரை யார் சொல்வார்கள்? ரயில் நிலையத்தில் கழிக்கும் பகலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செலவிடுங்கள். பெரிய நிறுவனங்களின் வரிசையில் இருபது வயதுப் பையன்களோடு நிற்க வேண்டாம். அந்த இடங்களுக்குக் குறைந்த சம்பளத்தில் பயிற்சியாளர்களைத்தான் தேடுகிறார்கள். சிறு, நடுத்தரப் பட்டறைகளில் இயந்திரத்தை செட்டிங் செய்யவும், பழுது கண்டுபிடிக்கவும், தரம் பார்க்கவும் அனுபவம் உள்ள ஆள் தேவைப்படுகிறது. அவர்கள் விளம்பரம் தருவதில்லை. நேரில் போய், நீங்கள் இயக்கிய இயந்திரங்களும் கன்ட்ரோலரும், வேலை செய்த உலோகங்களும், பிடித்த அளவு நுணுக்கமும் ஒரே பக்கத்தில் எழுதிய தாளைக் கொடுங்கள். தேர்வாய் கண்டிகை, ஒரகடம், அந்தப் பக்கம் நாயுடுபேட்டை வரை பாருங்கள். தமிழும் தெலுங்கும் சரளமாகப் பேசி, வடமாநிலத் தொழிலாளிகளோடு கொஞ்சம் இந்தியிலும் சமாளிக்கிற ஒருவர் ஷிஃப்ட் மேற்பார்வைக்கு எவ்வளவு உபயோகமானவர்! உங்கள் கடிதத்தில் அதை ஒரு குறையைப் போலப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தாளில் அதை முதல் வரியில் போடுங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வந்தீர்களா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையத்திலும், மத்திய அரசின் தேசியத் தொழில் சேவைத் தளத்திலும் பதிவு இலவசம். வேலைக்கு முன்பணம், யூனிஃபார்ம் பணம் கேட்கும் இடத்துக்குப் போகாதீர்கள்.

சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் இந்த நேரத்தில் ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் எந்தப் பெயரில் எடுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆறு ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு "அப்ரன்டிஸ்" என்று கையெழுத்துப் போட்டால் பி.எஃப். கிடையாது. குறிப்பிட்ட கால ஒப்பந்தம் என்றால் பரவாயில்லை. புதிய சட்டப்படி ஓராண்டு முடித்தாலே அதற்கு விகிதப்படி பணிக்கொடை உண்டு. ஆனால் காலம் முடிந்து அனுப்பினால் அது ஆட்குறைப்பாகக் கருதப்படாது, இழப்பீடும் வராது. ஒப்பந்தக்காரர் வழியாகச் சேர்ந்தாலும் நியமனக் கடிதம் கேட்டு வாங்குங்கள். இப்போது அது எல்லாத் தொழிலாளிக்கும் கட்டாயம்.

நேர்காணலில் ஏன் விலகினீர்கள் என்று கேட்டால் மறைக்க வேண்டாம். "ஏற்றுமதி ஆர்டர் குறைந்ததால் ஆட்குறைப்பு செய்தார்கள், நான் ஆறு ஆண்டு அங்கே இருந்தேன்" என்று சொல்லுங்கள். பழைய நிர்வாகத்தைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். உடனே அவர்களுடைய இயந்திரங்களைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்குங்கள்.